முதியோர் இல்லத்தில் தொண்டு

முதியோர் இல்லம் சென்று ஆடல் பாடல் நடத்தித் தொண்டாற்ற விழைவோர் உங்களுள் பலர். அவ்விருப்பம் போற்றத்தக்கது. எனினும், தொண்டு செய்யும் முறையினை முதற்கண் அறிதல் வேண்டும்.

ரிச்சர்டு ஷூல்சு என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1976-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வினை வெளியிட்டார். அதில் கல்லூரி மாணவர்கள், முதியோர் இல்லத்தில் வாழ்ந்தோரை இரண்டு மாத காலம் சந்தித்து உரையாடினர். வருகை எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பதைத் தாமே முடிவு செய்தோரும், வரும் வேளையை முன்னரே அறிந்தோரும் ஊக்கம் பெற்று விளங்கினர். முன்னறிவிப்பின்றிச் சந்திக்கப்பெற்றோரோ, எவரும் சென்று காணாதோரினும் மேம்பட்டாரல்லர். எதிர்நோக்க ஒரு நாள் இருத்தலும், தம் சொல்லுக்கு மதிப்பு இருத்தலும் எத்துணை வலிமை தருவன என்பது இதனால் விளங்கும் அன்றோ?

1978-இல் வெளிவந்த தொடராய்வு நம்மை எச்சரிப்பது. வருகை நின்றபின், முன்பு மேம்பட்டோரே பெரிதும் தளர்ந்தனர்.

ஆதலின், தாயம் ஆடுவதா, பழம்பாட்டுப் பாடுவதா என்பதை முதியோரே முடிவு செய்யட்டும். சொன்ன நாளில் தவறாது செல்லுங்கள். மணியடித்ததும் வகுப்பிலிருக்கும் பழக்கத்தை நெடுங்காலம் கற்பித்தவன் நான். அப்பழக்கமே இங்கு அன்பாகிறது. படிப்பு முடிந்து ஊர் திரும்புமுன், உங்கள் இடத்தை ஏற்கும் மாணவரை அழைத்துச் சென்று அறிமுகம் செய்துவையுங்கள். தொடங்குவதினும் தொடர்வதே தொண்டு.