கலைக்களஞ்சியத்தின் கல்லீரல் கட்டுரையைத் திருத்தக் கை வைத்தால் என்னவெல்லாம் வெளிவரும், தெரியுமா?

நம் உடம்பின் ரத்தக் குழாய்களை எல்லாம் ஒன்றோடொன்று முடிந்து நீட்டினால் ஒரு லட்சம் கிலோமீட்டர், பூமியை இரண்டரை முறை சுற்றிவிடலாம்! பள்ளிக்கூடச் சுவரில், ஞாயிறு இணைப்பில், வாட்ஸ்அப்பில் எத்தனை தடவை படித்திருப்பீர்கள்! அந்த எண் எங்கே பிறந்தது தெரியுமா? 1920இல் நோபல் பரிசு வாங்கிய டென்மார்க் உடலியலாளர் ஆகஸ்ட் குரோ தம் புத்தகத்தில் போட்ட உத்தேசக் கணக்கு அது. தசையில் இருக்கும் நுண்குழாய்களை மட்டும் எண்ணினார். அதற்காக ஒரு மனிதனுக்குத் தசை 50 கிலோ என்று வைத்துக்கொண்டார். ஐம்பது கிலோ தசை! நம் ஊரில் பலருக்கு மொத்த எடையே அதைக் கொஞ்சம்தான் தாண்டும். 2021இல் உடலியலாளர்கள் திரும்பக் கணக்குப் போட்டதில் 9,000 முதல் 19,000 கிலோமீட்டருக்குள் அடங்கிவிட்டது. பூமியின் பாதிச் சுற்றுக்கே பத்தாது.

கலைக்களஞ்சியத்தில் உடலுறுப்பு பற்றிய கட்டுரையைச் செப்பனிட உட்காருகிறவர்கள் முதலில் வேட்டையாடுவது இப்படிப்பட்ட ‘தெரியுமா’க்களைத்தான். ஆமாம், ‘தெரியுமா’ எழுதும் நம் பிழைப்பில் மண்!

வேட்டையில் விழுந்தவை ஒன்றா, இரண்டா? குடலின் உட்பரப்பை விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானம் என்றார்கள். 2014இல் ஸ்வீடனின் கோதன்பர்க் ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் அளந்து பார்த்தார்கள். சுமார் 32 சதுர மீட்டர்தான், பாட்மின்டன் மைதானத்தில் ஏறக்குறையப் பாதி. மூளையில் 10,000 கோடி நரம்பணுக்கள் என்றார்கள். பிரேசிலின் சுசானா ஹெர்குலானோ ஹௌசெல் குழுவினர் மூளையைத் திரவமாகக் கரைத்து (ஆமாம், கரைத்து!) அணுக்கருக்களை எண்ணி, 2009இல் 8,600 கோடி என்றார்கள். உடம்பில் நம் செல்களைப்போல் பத்து மடங்கு பாக்டீரியா என்ற பழைய பல்லவிக்கும் 2016இல் முடிவு வந்தது: நம் செல்கள் 30 லட்சம் கோடி, பாக்டீரியா 38 லட்சம் கோடி. கிட்டத்தட்டச் சரிக்குச் சரி!

இனி கல்லீரலுக்கு வருவோம்.

மனிதக் கல்லீரலுக்கு ஐந்து மடல்கள் என்று மருத்துவ உலகம் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நம்பிக்கொண்டிருந்தது தெரியுமா? இரண்டாம் நூற்றாண்டின் பெரிய மருத்துவர் கேலன் அறுத்துப் பார்த்தவை குரங்குகளும் பன்றிகளும் பிற விலங்குகளும்தான். அங்கே கண்டதை மனிதனுக்கும் பொருத்திவிட்டார். பிறகு வந்தவர்கள் பிணத்தை அறுத்து நேரிலேயே பார்த்தும், கண்ணைவிடப் புத்தகத்தைத்தான் நம்பினார்கள். உடற்கூற்றியலாளர் ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ்கூட 1538இல் வெளியிட்ட உடற்கூற்றுப் படத்தில் ஐந்து மடல் கல்லீரலைத்தான் வரைந்து வைத்தார்! ஐந்தே வருடத்தில், 1543இல், பாசெல் நகரில் அச்சான தம் பெரும் நூலில் அவரே அதைத் திருத்தினார். அப்போது அவருக்கு வயது 28.

அதோடு விட்டாரா? 1555இல் திருத்திய இரண்டாம் பதிப்பு. அந்தப் பதிப்பின் ஒரு பிரதியின் ஓரங்களில் யாரோ லத்தீனில் நூற்றுக்கணக்கான திருத்தங்களை எழுதி வைத்திருந்தார்கள். வார்த்தையை மாற்றியிருந்தது, வரியை அடித்திருந்தது, படத்தில் இருந்த எழுத்தைச் சரிசெய்திருந்தது. யாருடைய கையெழுத்து தெரியுமா? வெசாலியஸே! வெளிவராமலே போன மூன்றாம் பதிப்புக்காக அவர் பார்த்த வேலை அது. சில நூற்றாண்டுகள் யாரும் கவனிக்காமல் கிடந்து, நம் காலத்தில்தான் அடையாளம் காணப்பட்டது.

இன்றைக்கு விக்கிப்பீடியாவில் மருத்துவக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. எலியில் நடந்த ஆய்வை மனிதனுக்கும் அப்படியே என்று எழுதக் கூடாது. கேலன் இன்று கணக்குத் தொடங்கித் தொகுக்க வந்தால் முதல் நாளே எச்சரிக்கை வாங்கியிருப்பார்.

கல்லீரலை வெட்டினால் வளரும் என்பது மட்டும் உண்மைதானே? உண்மை. ஆனால் எப்படி என்பதில்தான் கட்டுரைகள் வழுக்குகின்றன. தானம் கொடுத்தவரிடமிருந்து எடுத்த வலது மடல் அதே இடத்தில் திரும்ப முளைப்பதில்லை! மிச்சமிருக்கும் பகுதி பருத்து, செல்கள் பெருகி, சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் இழந்த அளவைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகிறது. எடை திரும்பும், பழைய வடிவம் திரும்பாது. ‘வெட்டிய பகுதி மீண்டும் வளர்கிறது’ என்று ஒரு கட்டுரையில் இருந்தால், அந்த ஒரே வாக்கியத்துக்காக மறுஆய்வாளர் அதைத் திருப்பி அனுப்பலாம். நானாக இருந்தால் அனுப்புவேன்.

இன்னொன்று கேளுங்கள். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு தமனி வழியாக வருவதே இல்லை. குடலிலும் மண்ணீரலிலும் சுற்றி முடித்த ரத்தம் சிரை வழியாக வந்து சேர்கிறது. அப்படியானால் ஆக்சிஜன்? கால் பங்கு ரத்தம் கொண்டுவரும் தமனியே ஏறக்குறையப் பாதி ஆக்சிஜனைக் கொடுத்துவிடுகிறது. இரண்டு குழாய், இரண்டு கணக்கு! ரத்தத்தின் விகிதத்தை ஆக்சிஜனின் விகிதமாக எழுதிவிடும் பிழை நடப்பது இந்த இடத்தில்தான்.

உங்களுக்கு 20 வயதோ 84 வயதோ, உங்கள் கல்லீரல் செல்களின் சராசரி வயது மூன்று ஆண்டுகூட ஆகவில்லை, தெரியுமா? அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கார்பன்-14ஐ வைத்து ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் 2022இல் கண்டுபிடித்தது இது. எவ்வளவு பிரமாதம்! ஆனால் விக்கிப்பீடியா மறுஆய்வாளர் உடனே தலையசைக்க மாட்டார். ஒற்றை ஆய்வறிக்கை போதாது, பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோட்ட மீள்பார்வைக் கட்டுரையோ பாடநூலோ எங்கே என்பார். அதுவும் முடிந்தால் ஐந்து ஆண்டுக்குள் வந்ததாக வேண்டும். நாளிதழ்ச் செய்தியை நீட்டினால் வாசலோடு சரி.

ஆங்கில விக்கிப்பீடியாவில் ‘நல்ல கட்டுரை’ என்ற தகுதி வாங்க ஆறு நிபந்தனைகள். எழுதியவரே மறுஆய்வு செய்யக் கூடாது. வாதம் முழுக்கக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில், ஊரறிய. தகுதி கிடைத்ததும் பரிசு என்ன தெரியுமா? முதற்பக்கத்தின் ‘உங்களுக்குத் தெரியுமா?’ பகுதியில் ஒரு வரி இடம் பெறும் வாய்ப்பு! தமிழ் விக்கிப்பீடியாவின் முதற்பக்கத்திலும் அதே பெயரில் ஒரு பகுதி உண்டு.

யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் தரம் என்னாவது? 2005இல் ‘நேச்சர்’ இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை நிபுணர்களிடம் கொடுத்துப் பார்த்தது. விக்கிப்பீடியாவில் 162 பிழைகள். பிரிட்டானிக்காவில் பிழையே இருக்காது என்று நினைத்தீர்களா? 123! பெரும் பிழைகள் இரண்டிலும் நான்கு நான்கு. பிரிட்டானிக்கா கோபித்துக்கொண்டு நீண்ட மறுப்பு வெளியிட்டது தனிக் கதை. 2014இல் விக்கிப்பீடியாவின் டெங்குக் கட்டுரை முறையான மருத்துவ இதழொன்றில் நிபுணர் மறுஆய்வு முடிந்து வெளியானது.

அச்சில் ஏறியதைத் திருத்துவது இதைவிடக் கஷ்டம். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து நடத்திய தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வந்தது 1954இல், பத்தாவது வந்தது 1968இல். முதல் தொகுதி வாங்கியவர் வீட்டுக் குழந்தை பள்ளிப் படிப்பையே முடித்திருக்கும்!

கடைசியாக ஒன்று. விக்கிப்பீடியாவின் உடற்கூற்றுக் கட்டுரைகள் பலவற்றில் 1918ஆம் ஆண்டின் வாக்கியங்கள் உயிரோடு இருக்கின்றன, தெரியுமா? பதிப்புரிமை காலாவதியான ‘கிரேஸ் அனாடமி’ பாடநூலின் அமெரிக்கப் பதிப்பிலிருந்து அள்ளிப் போட்டவை. அவற்றைத் தேடிப் பிடித்து மாற்றி எழுதுவது செப்பனிடுகிறவர்களின் தீராத வேலை. அந்த நூல் முதலில் வந்தது 1858இல். எழுதியவர் ஹென்றி கிரே. அதன் உயிரான படங்களை வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். முகப்புப் பக்கத்தின் அச்சுப்படி திருத்தத்துக்கு வந்தபோது, கார்ட்டரின் பெயரைச் சின்ன எழுத்தில் போடச் சொல்லித் திருத்தினார் கிரே! கார்ட்டர் அதே ஆண்டு கப்பலேறிப் பம்பாய் வந்துவிட்டார். இங்கே அவர் ஆராய்ந்த நோய்களில் ஒன்று, நம் மதுரையின் பெயரால் உலகம் முழுக்க ‘மதுரா பாதம்’ என்று அறியப்பட்ட நோய். கிரே 34 வயதில் பெரியம்மையில் இறந்துபோனார்.

விக்கிமீடியாவின் படக் களஞ்சியத்தில் ஏற்றியிருக்கும் அந்த 1918ஆம் ஆண்டுப் படங்களின் விவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வரைந்தவர் என்ற இடத்தில் கார்ட்டர் பெயர், முழு எழுத்தில். வேடிக்கை என்னவென்றால், பின்னால் வந்த பதிப்புகளில் வேறு கலைஞர்கள் வரைந்து சேர்த்த படங்கள் பலவற்றுக்கும் அதே பெயர்தான் போட்டிருக்கிறது. இனி அதை யாராவது திருத்த வேண்டும்!