அடினோசின்: மூளையின் காவற்பொருள்

தருமபுரி மாவட்டத்து அரூருக்கு அப்பால், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாக விளங்குவது சித்தேரி மலை. சென்ற கோடை விடுமுறையில் யாம் ஆண்டு ஒரு நண்பர் இல்லத்திற் சின்னாள் தங்கியிருந்தோம். ஒருநாள் மாலை, புளியமரத்தினின்றும் வீழ்ந்த சிறுவன் ஒருவனை அண்டை வீட்டுத் திண்ணையிற் கிடத்தினர். தலையில் அடிபட்டுக் கண் செருகியிருந்த அவனுக்கு, உறக்கம் அணுகாதிருத்தற் பொருட்டுக் கடுங்காப்பி புகட்ட முனைந்தனர் சிலர். வேண்டா எனத் தடுத்தனர் வேறு சிலர். திண்ணையின் மற்றொரு புறத்தே, கைந்நடுக்கத்தாற் குவளையைத் தாமே ஏந்தமாட்டாத அவன் பாட்டனார் அமர்ந்திருந்தார். அவர் எம்மை நோக்கி, “தம்பி, நீங்கள் காலேஜில் படிக்கிறவர்கள் ஆயிற்றே, காப்பி கொடுக்கலாமா, கூடாதா?” என்றார். இலக்கணமும் இலக்கியமும் பயிலும் எமக்கு விடை தெரிந்திலது. சிறுவன் அன்றிரவே அரூருக்குக் கொண்டுபோகப்பெற்று, மருத்துவத்தால் நலம் எய்தினான். அவ்வினா மட்டும் எம்மை விட்டு நீங்கவில்லை. அறிவியல் கற்கும் தோழர்தம் துணைகொண்டு யாம் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

நம் உடலின் அணுக்கள் ‘ஏ.டி.பி.’ எனச் சுருக்கி வழங்கும் ஒரு பொருளையே தம் ஆற்றலுக்குரிய கைப்பணமாகக் கொண்டு வாழ்கின்றன. அது செலவாகிச் சிதையுங்கால் எஞ்சுவனவற்றுள் ஒன்று அடினோசின். ஏ.டி.பி. கண்டறியப்பட்ட 1929ஆம் ஆண்டிலேயே, கேம்பிரிட்ஜில் துரூரி, சென்ட் ஜியார்ஜி என்னும் அறிஞர் இருவர், அடினோசின் இதயத் துடிப்பைத் தணிக்கும் என்று காட்டினர். மூளையிலும் பெரும்பாலும் அதன் தொழில் தணித்தலே. நாம் விழித்திருக்கும் நேரம் நீள நீள அது மூளையிற் பெருகி உறக்கத்தை அழைக்கின்றது. காப்பியிலுள்ள காபீன், அடினோசின் அமரவேண்டிய இருக்கையில் தான் அமர்ந்துகொள்ளுகின்றது. அதனால் உறக்கம் விலகி நிற்கின்றது. அவ்விருக்கைகளை ஏற்பிகள் என்பர். அவை ஏ1, ஏ2ஏ, ஏ2பி, ஏ3 என நால்வகைப்படும். அவற்றுள் முதலிரண்டே நம் ஆராய்ச்சிக்குச் சிறப்பாக வேண்டப்படுவன.

தலையில் வன்மையாக அடிபட்டவழி மூளைக்குச் செல்லும் குருதியோட்டம் குன்றக்கூடும். நரம்பணுக்களோ கட்டின்றிக் கிளர்ந்தெழும். வரவு குறைந்து செலவு மிகுதலின் ஏ.டி.பி. விரைந்து சிதைய, அடினோசின் சில நிமிடங்களுள் பன்மடங்கு பெருகுகின்றது. பெருகிய அது ஏ1 ஏற்பியிற் பொருந்தி, குளூட்டமேட்டு என்னும் கிளர்ச்சிப் பொருள் மிகாதவாறு தடுத்து, நரம்பணுக்களை அடக்கிக் காக்கின்றது. பஞ்சம் புகுந்த காலத்து விளக்குகளை அவித்து எண்ணெயைச் சேமிக்கும் இல்லத்தரசியின் செயலை ஒப்பது இது. ஆயின் அடக்கம் அளவிறந்தால் மூச்சினை நடத்தும் மூளைப்பகுதியும் ஓய்ந்துவிடக்கூடும். ஏ2ஏ ஏற்பியின் இயல்போ வேறு. அது குளூட்டமேட்டை மிகுவிக்கும். மூளையின் காவலணுக்களைத் தூண்டி அழற்சியை வளர்க்கவும் வல்லது. ஓரிருக்கையிற் காவலனாக இருக்கும் பொருளே மற்றோரிருக்கையிற் கலகம் விளைக்கின்றது.

அடிபட்டு நாள் பல கழிந்தபின் வேறொரு தொல்லை நேர்தலும் உண்டு. வடுப்பட்ட இடத்தில் விண்மீன் வடிவினவாகிய துணையணுக்கள் பெருகும். அடினோசினை அகற்றும் நொதி அவற்றில் மிகுதலின், ஆங்கு அடினோசின் குறைபடும். அடக்குவார் இன்மையின் வலிப்பு எழுதற்கு இஃது ஒரு காரணமாம் என்பதை விலங்குகளிடத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. அளவு கடப்பினும் அளவிற் குன்றினும் பிணியே என மருந்து என்னும் அதிகாரத்துட் கூறிய வள்ளுவனார் கருத்து ஈண்டும் பொருந்துதல் காண்க.

இனிப் பாட்டனாரின் நடுக்கத்திற்கு வருவோம். அவர்க்கு உற்றது இன்னதென மருத்துவரே துணிதல் வேண்டும். எனினும் முதுமையில் வரும் நடுக்கங்களுள் ஒன்று, 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் விரித்துரைத்த நடுக்குவாதம். மூளையில் டோப்பமீனைத் தரும் அணுக்கள் மடிவதால் அந்நோய் விளைகின்றது. டோப்பமீனாக மாறவல்ல லெவோடோப்பா என்னும் பொருளைப் பூனைக்காலி விதையினின்றும் 1937இல் சென்னையில் தாமோதரன், இராமசாமி என்பார் பிரித்தெடுத்தனர். பட்டவர் மேனியை அரிக்கச் செய்யும் புதர்க்கொடியில் இத்தகைய மருந்து உளதாதல் வியப்பன்றோ! டோப்பமீன் தொழில் செய்யும் களத்தில் ஏ2ஏ ஏற்பிகள் நிறைந்திருந்து அதன் செயலை எதிர்க்கின்றன. அவ்வெதிர்ப்பை அடக்கும் இஸ்திரடெபிலின் என்னும் மருந்து, லெவோடோப்பாவிற்குத் துணையாக, ஜப்பானில் 2013இலும் அமெரிக்காவில் 2019இலும் ஒப்புதல் பெற்றது. அல்சைமர் என்னும் மறதிநோயுற்றார் மூளையிலும் ஏ2ஏ மிகுந்திருத்தலை ஆய்வாளர் கண்டுள்ளனர்.

அங்ஙனமாயின் ஏ2ஏ ஏற்பியைத் தடுக்கும் காப்பியே போதாதோ எனின், கூறுதும். ஹவாயில் வாழ்ந்த ஜப்பானிய மரபினரான 8,004 ஆடவரை நெடுங்காலம் நோக்கி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், காப்பி பருகாதாரிடத்து நடுக்குவாதம் மிகுதியாகப் பருகுவாரினும் ஏறத்தாழ ஐந்து மடங்கு காணப்பட்டது. ஆயின், அந்நோயுற்ற 121 பேரிடத்துச் செய்து 2017இல் வெளியிட்ட சோதனையில், காபீன் அவர்தம் இயக்கக் குறையை நீக்கவில்லை. நோய் வாராமுன் கண்ட தொடர்பு வேறு. வந்த நோயைத் தீர்த்தல் வேறு.

ஆதலின் அடுத்த விடுமுறையில் அப்பாட்டனார்க்கு யாம் கூறவிருக்கும் விடை இது. தலையில் அடிபட்டு நினைவு மங்கியவர் வாயில் காப்பியேயன்றி நீரும் புகட்டலாகாது. அது மூச்சுக்குழலுட் புகுந்து உயிர்க்கே இறுதியாகலாம். அவர் உறங்குகின்றாரா, விழித்திருக்கின்றாரா என வாதிட்டு நேரம் போக்காது, 108 வண்டியை அழைத்து மருத்துவமனை சேர்த்தலே கடன். அடினோசினை எக்காலத்து அடக்குவது, எக்காலத்து வளர்ப்பது என்பதை அறிஞரே இன்னும் ஆராய்ந்து வருகின்றனர். திண்ணையில் இருந்து நாம் அதனைத் துணிதல் இயலாது. பாட்டனாரோ தம் காப்பியை அளவொடு பருகுக. ஆனால் அதனை மருந்தென நம்பி வாளாவிராது, கைந்நடுக்கத்தை மருத்துவர்க்குக் காட்டுக. அவரை அழைத்துச் செல்ல யாமும் உடன்வருவோம்.