உங்களுக்குத் தெரியுமா? கடல் கடந்து வந்த காணிக்கை

இலங்கையின் கற்பிட்டிக் குடாநாட்டில் ஒல்லாந்தர் 1667–1676இல் கட்டிய கோட்டை நிற்கிறது. அவர்களுடைய சீர்திருத்தச் சபையும் பிரஸ்பிட்டேரியன் சபைகளும் கல்வின் வழிவந்த உறவுக்காரர்கள்தாம். ஆனால், ஒல்லாந்தர் ஆட்சியில் ஞானஸ்நானம் பெறாதவருக்கு அரச உத்தியோகம் கிடைப்பது அரிது. அப்படிச் சபையில் சேர்ந்த கூட்டத்தில் பெரும்பகுதி, ஆட்சி மாறியதும் கலைந்தது.

மாறாக, 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் பள்ளிக்கூடத்தையும் மருந்தையும் நம்பியது. அமெரிக்காவின் காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் சபையார் சேர்ந்து போட்ட காணிக்கையில் வட்டுக்கோட்டைச் செமினறியும் (1823) உடுவில் பெண்கள் பாடசாலையும் (1824) எழுந்தன. 1847இல் வந்த டாக்டர் சாமுவேல் கிறீன் செய்தது அதனினும் பெரிது: மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், தமிழிலேயே நூலாக்கினார். மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை இன்றும் இருக்கிறது.