தாய் நண்டை விட்டுவிடுவோம்



பிள்ளைக்குச் சளி பிடிச்சா நண்டு ரசம் வைக்காத வீடு நம்ம பக்கம் குறைவு. களை எடுக்கப் போன இடத்தில் நாலு நண்டு கிடைச்சா, அன்றைக்குக் குழம்புச் செலவு மிச்சம். ஆனால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிக் குழுக் கூட்டங்களில், "முன்ன மாதிரி வரப்புல நண்டையே காணோமே" என்று அக்காமார்கள் பலர் எங்களிடம் சொல்கிறார்கள். ஏன் என்று பார்ப்போமா?

நண்டு எப்படிப் பெருகுகிறது?

கடல் நண்டின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் தண்ணீரில் மிதந்து வெகுதூரம் பரவும். வயல் நண்டு அப்படியல்ல. முட்டைகளைத் தன் வயிற்று மடலுக்குள் சுமக்கும். அவை குட்டி நண்டாகவே பொரிந்து, சில நாள் தாயோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வெளிநாட்டு ஆறுகளில் வாழும் கிரேஃபிஷ் என்ற சிறு உயிரும் இப்படித்தான் குஞ்சைச் சுமக்கும். அது இந்தியாவில் இயற்கையாகக் கிடையாது. நமக்கு வாய்த்தது வயல் நண்டுதான்.

ஆகவே தாய் நண்டு ஒன்று போனால் அதன் குட்டிகள் அத்தனையும் போச்சு. ஓர் ஓடையில் நண்டு அழிந்தால், பக்கத்து ஓடையிலிருந்து நடந்து வந்தால்தான் மறுபடி உண்டு.

விஷம் யாருக்கு?

வளை தோண்டி வரப்பை ஒழுக விடுகிறது என்று நண்டு வளையில் குருணை மருந்து வைக்கிறார்கள். மருந்து பட்ட நண்டு தள்ளாடி வெளியே வரும், சுலபமாகக் கையில் கிடைக்கும். அதையே ரசம் வைத்தால் விஷம் பிள்ளையின் கிண்ணத்துக்கு வந்துவிடும். கொதிக்க வைத்தாலும் மருந்து போய்விடும் என்று நம்பக்கூடாது. போரேட் குருணையை 2020 டிசம்பர் 31 முதல் மத்திய அரசு தடை செய்துவிட்டது. மிச்சம் இருந்தாலும் யாரும் பயன்படுத்தக்கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

* வயிற்று மடலைத் திறந்து பாருங்கள். முட்டையோ குட்டியோ இருந்தால் விட்டுவிடுங்கள்.
* மருந்து அடித்த வயலிலும், அதன் வடிகாலிலும் நண்டு பிடிக்க வேண்டாம். தள்ளாடும் நண்டையும், செத்த நண்டையும் தொட வேண்டாம்.
* வரப்பு ஒழுகினால் வளையை அடைத்துச் சேறு பூசுங்கள். இரவில் விளக்கு வைத்துக் கையால் பிடிக்கலாம்.
* நண்டை நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள்.
* செண்பகத்தோப்பு, அய்யனார் கோயில் பக்கத்துக் காட்டு ஓடைகளில் பிடிக்காதீர்கள். 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட காடு அது.

அய்யனார் கோயில் ஆற்றுத் தண்ணீரை ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வழியாக ராஜபாளையம் குடிக்கிறது. நண்டுக்கு ஆகாத தண்ணீர் நமக்கு மட்டும் ஆகுமா? அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டி, உங்க ஊர் ஓடையைப் பற்றியும் பேசுங்கள்.