கோமுகத்துக்கு ஆயிரம் ஆண்டு நடை

பல வீடுகளின் பூஜை மாடத்தில் வாய் அடைத்த சிறு செப்புச் சொம்பு ஒன்று இருக்கும். தாத்தாவோ பாட்டியோ காசிக்குப் போய்த் திரும்பியபோது கொண்டுவந்தது. தலைமுறைக்கு ஒருமுறை, உயிர் பிரியும் வேளையில் உதட்டில் ஒரு துளி கங்கை நீர் விடுவதற்காக மட்டும் அதைத் திறப்பார்கள். அந்தத் துளி எவ்வளவு தூரம் நடந்து நம் வீட்டுக்கு வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

காசியிலிருந்து ஆற்றை எதிர்த்துப் போனால், ரிஷிகேசம் தாண்டி தேவப்பிரயாகை வரும். பெரியாழ்வார் பாடிய கண்டம் என்னும் கடிநகர் இதுதான். அலகநந்தாவும் பாகீரதியும் இங்கே கலந்த பிறகுதான் ஆற்றுக்குக் கங்கை என்ற பெயரே வருகிறது. பாகீரதியின் கரையோடு மேலே ஏறினால் கங்கோத்ரி கோயில். அட்சய திருதியையில் நடை திறப்பார்கள். தீபாவளியை ஒட்டிச் சாத்திவிடுவார்கள். அதற்கப்பால் வண்டி போகாது. சுமார் 18 கிலோமீட்டர் நடக்க வேண்டும். வழியில் போஜ்வாசா என்றொரு இடம். போஜ மரங்கள் செழித்திருந்ததால் வந்த பெயர். நமக்குப் பனையோலை எப்படியோ, வடக்கே சுவடி எழுத அந்த மரத்துப் பட்டை அப்படி. பிறகு மரங்களும் தீர்ந்துபோய்க் கல்லும் காற்றும் மட்டும் மிஞ்சும். ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில், சாம்பல் படிந்த பனிக்கட்டிச் சுவரின் அடியில் ஒரு குகை. அதற்குள்ளிருந்து ஆறு வெளியே பாய்கிறது. மற்ற ஆறுகளைப்போல ஊற்றாகக் கசிந்து, ஓடையாகித் தேறி வளர்வதில்லை. பிறக்கும்போதே இரைச்சலோடு முழு ஆறாகப் பிறக்கிறது. அதுதான் கோமுகம்.

அந்தச் சுவருக்குப் பின்னால் சுமார் 30 கிலோமீட்டர் நீளத்துக்குப் பனி கிடக்கிறது. 7,138 மீட்டர் உயரமுள்ள சௌகம்பா சிகரத்தின் மடி வரைக்கும். கார்வால் மலைக்காரர்கள் இதைப் ‘பமக்’ என்பார்கள். நாம் செய்தித்தாளில் ‘பனிப்பாறை’ என்று எழுதிவிடுகிறோம். எனக்கு அந்தச் சொல் பொருந்தியதாகத் தோன்றவில்லை. பாறை நின்ற இடத்தில் நிற்பது. இதுவோ இரவும் பகலும் நகர்ந்துகொண்டிருப்பது. பனியாறு என்பதே அதற்குத் தகும்.

அது உருவாகும் விதம் பாருங்கள். மேலே விழும் பனித்துகள் ஆறு முனை கொண்ட பூ. புதிதாக விழுந்த பனியில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் காற்றுதான், ஊதினால் பறக்கும். அதன்மேல் அடுத்த ஆண்டுப் பனி, அதன்மேல் அதற்கடுத்த ஆண்டுப் பனி. பாரம் ஏற ஏற அடியிலுள்ள பூக்களின் முனைகள் மழுங்கி, குறுணையாகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டியான பனிக்கட்டியாகிவிடுகின்றன. இடையில் சிக்கிய காற்று சிறு குமிழ்களாக உள்ளேயே அடைபடுகிறது. அன்று அந்த மலைமேல் வீசிய காற்று! காற்றெல்லாம் நசுங்கி அடங்கிய ஆழத்தில் பனிக்கட்டி சிவப்பு ஒளியை விழுங்கி நீலத்தை மட்டும் வெளியே விடும். வெடிப்புகளுக்குள் எட்டிப் பார்த்தால் தெரியும் அந்த நீலத்துக்கு ஒப்பாகச் சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

முப்பது, நாற்பது மீட்டர் கனம் சேர்ந்ததும் அந்தக் கெட்டிக்கட்டி தன் பாரத்தாலேயே பாகுபோல இளகி இறங்கத் தொடங்குகிறது. நடுப்பகுதி வேகமாக, ஓரங்கள் மெதுவாக, ஆறு ஓடுவதைப்போலவே. போகிற வழியில் மலையை அரைத்து மாவாக்குகிறது. கோமுகத்தில் பாகீரதி கலங்கலாக, சாம்பல் கலந்த பால்போல வருவது அந்தக் கல்மாவினால்தான். ஆண்டுக்கு 30 மீட்டர் நகர்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், சௌகம்பா மடியில் விழுந்த பனிப்பூ கோமுகம் வந்து சேர 1,000 ஆண்டுகள் ஆகும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான் இராசேந்திர சோழனின் படை வடக்கே போய்க் குடங்களில் கங்கை நீரைச் சுமந்து வந்தது; சோழகங்கம் என்ற ஏரி வெட்டப்பட்டது. அந்தக் குடங்கள் தெற்கு நோக்கி வந்த நாளில் சிகரத்தில் விழுந்த பனி இந்த ஆண்டு கோமுகத்தில் துளியாகியிருக்கலாம்.

இவ்வளவையும்விட என்னை வணங்க வைப்பது வேறொன்று. நம் காவிரி மழை பெய்தால் பெருகும், பொய்த்தால் மெலியும். பனியாற்றில் பிறக்கும் ஆறு அப்படியல்ல. வெயில் ஏற ஏறப் பெருகும். சித்திரை, வைகாசியில் சமவெளி வெடித்துக் கிடக்கும்போது, மழைக்கு இன்னும் நாள் இருக்கும்போது, மேலே குளிர்காலம் சேர்த்து வைத்தது அவிழ்கிறது. அதுவும் ஒரேயடியாக அல்ல. ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க ஆகும் வெப்பம், உருகி வந்த அதே நீரை 80 டிகிரி வரை சூடாக்கப் போதுமானது. பனிக்கு அந்தப் பிடிவாதத்தைப் படைத்தவன் வைக்காமல் போயிருந்தால், குளிர்காலச் சேமிப்பு முழுவதும் ஒரே வாரத்தில் வெள்ளமாக இறங்கி ஊர்களை அடித்துக்கொண்டு போயிருக்கும். மலையில் பூட்டி வைத்து, வேண்டும் காலத்தில் அளந்து ஊற்றும் கை அது. பள்ளிக்கூடத்தில் ‘ஜீவநதி’ என்று மனப்பாடம் செய்தோமே, அந்த ஜீவன் இதுதான்.

அந்தக் கை இப்போது தளர்கிறது. 1935-ல் ஜான் ஆடன் என்ற நிலவியலாளர் கோமுகத்தில் பனியாற்றின் நுனி எங்கே இருக்கிறதென்று வரைபடத்தில் குறித்தார். 1996-க்குள் அந்த நுனி 1,100 மீட்டருக்கு மேல் பின்னுக்குப் போய்விட்டது. இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. ரக்தவர்ணம், சதுரங்கி என்ற கிளைப் பனியாறுகள் முன்பு தாயோடு வந்து சேர்ந்தவை. இன்று அவை சேர முடியாமல் மேலேயே நின்றுவிட்டன.

‘பின்வாங்குகிறது’ என்று நாம் சொல்வதில் ஒரு பிழை இருக்கிறது. பனியாறு ஒருநாளும் பின்னால் நடப்பதில்லை, அதற்குத் தெரியாது. இந்த நிமிடமும் கோமுகத்தை நோக்கி முன்னால்தான் வந்துகொண்டிருக்கிறது. வந்து சேருவதற்குள் கரைந்துபோகிறது, அவ்வளவே. எதிரே அனல் கூடக்கூட, அது நடந்து முடிக்கும் தூரம் குறைகிறது.

பனியுகத்தில் இந்தப் பனியாறு கங்கோத்ரிக்குக் கீழே உள்ள ஹர்சில் பள்ளத்தாக்கையும் நிரப்பிக் கிடந்தது. பிறகு இயற்கையாகவே சுருங்கியது என்பது உண்மை. அதற்கு ஆயிரமாயிரம் ஆண்டுகள் பிடித்தன. இப்போதைய அவசரம் நம்முடையது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு 420-ஐத் தாண்டிவிட்டது. அடுப்பும் டீசலும் கக்கும் கரித்துகள் வெண்பனிமேல் படிந்து, திருப்பி அனுப்ப வேண்டிய வெயிலை உள்ளே இழுக்க வைக்கிறது. இந்துகுஷ்–இமயப் பகுதியின் பனியாறுகள் 2011 முதல் 2020 வரை, அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 விழுக்காடு வேகமாகப் பனியை இழந்தன என்று காத்மாண்டுவிலுள்ள மலை ஆய்வு மையம் 2023-ல் கணக்கிட்டது. 2035-க்குள் இமயப் பனி மறைந்துவிடும் என்று ஓர் ஐ.நா. குழுவின் அறிக்கையில் வந்த தவறு 2010-ல் திருத்தப்பட்டது. திருத்தியது நல்லது, பனிக்காகவும் பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்தத் திருத்தத்தால் உருகுவது நின்றுவிடவில்லை.

கங்கை நாளையே வற்றிவிடாது. பாட்னாவிலும் கொல்கத்தாவிலும் ஓடுவதில் பெரும்பகுதி மழை நீர்தான். மலைமேல் வாழ்பவர்களுக்குத்தான் முதல் அடி: முதலில் வெள்ளம், பிறகு வறட்சி. 2013 ஜூனில் கேதார்நாத்துக்கு மேலே, சோராபாரி பனியாற்றை ஒட்டிய ஏரி கொட்டும் மழையில் உடைந்து இறங்கியதை நாம் பார்த்தோம். பனி ஒதுங்கிய இடத்தில் அது விட்டுப்போன கல்லும் மண்ணும்தான் அந்த ஏரிக்குக் கரை.

கோமுகத்து நீர் கலங்கலாக ஓடிக்கொண்டிருக்கிறது. பனிக்கட்டி கரையும்போது அதற்குள் அடைபட்ட குமிழ்கள் ஒவ்வொன்றாக உடைகின்றன. பல நூற்றாண்டுகளுக்கு முன் சௌகம்பாவின் மேல் வீசிய காற்று மெல்ல வெளியேறி, இன்றைய காற்றில் கலக்கிறது. மேலே, அதே மடியில், இந்தக் குளிர்காலத்துப் பனியும் ஆறு முனைப் பூக்களாக விழும். அதற்கும் கீழே நடக்க ஆயிரம் ஆண்டுப் பாதை இருக்கிறது.