இணையத்தில் துரத்துவோர்: சட்டம் வந்தது, வேகம் வரவில்லை

புது தில்லி: 2001-ஆம் ஆண்டு தில்லிப் பெண் ஒருவரின் வீட்டுத் தொலைபேசி நேரங்கெட்ட நேரத்தில் ஒலிக்கத் தொடங்கியது. மூன்று நாள்களில் சுமார் 40 அழைப்புகள். அழைத்தவர்கள் முன்பின் அறியாத ஆண்கள். இணைய அரட்டை அறை ஒன்றில் அவர் பெயரில் நுழைந்த ஒருவர், ஆபாசமாக உரையாடியதோடு அவரது தொலைபேசி எண்ணையும் அங்கிருந்தோருக்கு அளித்திருந்தார். இணைய இணைப்பைத் தடம்பிடித்துப் போலீஸார் அந்நபரைக் கைது செய்தனர். நாட்டில் பதிவான முதல் இணையப் பின்தொடரல் வழக்காக இதுவே இன்றும் குறிப்பிடப்படுகிறது.

சிக்கல் அதற்குப் பின்னரே எழுந்தது. 2000 அக்டோபரில் அமலுக்கு வந்திருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இக்குற்றத்துக்குப் பிரிவே இல்லை. பெண்ணின் மானத்துக்கு இழுக்கான சொல், சைகை ஆகியவற்றைத் தண்டிக்கும் இந்திய தண்டனைச் சட்டத்தின் 509-ஆவது பிரிவைப் போலீஸார் நாடினர். குற்றம்சாட்டப்பட்டவரோ அப்பெண்ணிடம் ஒரு சொல்லும் பேசவில்லை, பிறரைப் பேசவைத்தார்!

2012 டிசம்பர் தில்லிக் கொடுமையும், நீதிபதி வர்மா குழுவின் அறிக்கையும் 2013-இல் 354டி பிரிவைக் கொண்டுவந்தன. பெண்ணின் இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் அதன்படி குற்றமானது. ஆனால், அனைத்துக் கட்சிக் கூட்டத்துக்குப் பின் முதல் குற்றத்துக்கு ஜாமீன் பெறும் உரிமை சேர்க்கப்பட்டது. பெண்களைப் பின்தொடராத ஆண் நம்மில் யார் என்ற பொருள்பட மக்களவையில் சரத் யாதவ் கேட்டதும் அந்த விவாதத்தில்தான். அவையின் மனநிலைக்கு வேறு சான்று தேவையில்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவிலும் இச்சலுகை தொடர்கிறது: முதல் முறை மூன்றாண்டு வரை சிறை, ஜாமீன் உண்டு, மீண்டும் செய்தால் ஐந்தாண்டு வரை சிறை, ஜாமீன் உரிமை இல்லை.

சட்டம் இருந்தும் வேகம் இல்லாவிட்டால் என்னாகும் என்பதற்கும் தலைநகரே உதாரணம். முஸ்லிம் பெண்களின் படங்களை ஏலப் பொருள்போல் காட்டிய 'சுல்லி டீல்ஸ்' செயலி குறித்துத் தில்லி போலீஸார் 2021 ஜூலையில் வழக்குப் பதிந்தனர். அவ்வழக்கில் முதல் கைது 2022 ஜனவரியில்தான் நடந்தது; அதுவும் 'புல்லி பாய்' என்ற அடுத்த செயலி வெளியாகி, மும்பை போலீஸார் முந்திக்கொண்டு சிலரைப் பிடித்த பிறகு.

இவ்வழக்குகளில் தாமதம் சாட்சியத்தையே அழித்துவிடக்கூடும். நீக்கப்பட்ட பதிவை விசாரணைக்காக 180 நாள்கள் பாதுகாக்குமாறுதான் 2021-ஆம் ஆண்டு விதிகள் சமூக ஊடக நிறுவனங்களைப் பணித்தன. ஆகவே, அருவருப்பில் செய்திகளை அழித்துவிடாமல், அனுப்பியவரின் கணக்கு முகவரி, தேதி, நேரம் தெரியும்படி திரைப்படம் எடுத்துவைத்து, செய்தி வந்த கைப்பேசியையும் அப்படியே பாதுகாக்க வேண்டும். மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் தேவை என்பதால் மூலக் கருவி முக்கியம்.

'எங்கள் எல்லை இல்லை' என்று காவல் நிலையம் திருப்பி அனுப்பவும் இனி இடமில்லை. குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு. மின்னணு வழியாகவும் தகவல் அளிக்கலாம். மூன்று நாள்களுக்குள் கையெழுத்திட வேண்டும்.