அன்னிக்கு அழுதது வேஸ்ட்டாப்பா?

ஒரு மெஷின் செத்துப்போனதற்காக எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சிரிக்காதீர்கள். நிஜம்!

2010 அக்டோபர். 'எந்திரன்' ரிலீசான புதிது. ஓட்டப்பிடாரத்தில் பஸ் ஏறி, தூத்துக்குடியில் ஒரு தியேட்டருக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். நான், மனைவி, ஏழு வயசுப் பையன், என் அம்மா. பையன் கையில் ஒரு பொட்டலம் மக்ரூன். (தூத்துக்குடி வரை போய்விட்டு மக்ரூன் வாங்காமல் திரும்புவது எங்கள் ஊரில் தெய்வக் குற்றம்!)

படம் முழுக்கப் பையன் ஸீட்டில் உட்காரவே இல்லை. சிட்டி ரோபோ ரயிலில் சண்டை போட்டபோது இவனும் முன் ஸீட்காரர் முதுகில் இரண்டு குத்து விட்டான். நல்ல மனுஷர். திரும்பிப் பார்த்து, "தம்பி, நான் வில்லன் இல்ல" என்று மட்டும் சொன்னார்.

கடைசியில் அந்த ஸீன் வந்தது. சிவப்புச் சிப்பைச் செருகி வில்லன் கெடுத்து வைத்திருந்த சிட்டியை, அதை உருவாக்கிய விஞ்ஞானி வசீகரன் மறுபடி நல்லவனாக்கிவிட்டார். ஆனாலும் கோர்ட் விடவில்லை. பிரித்துப் போடச் சொல்லி உத்தரவு. சிட்டி தன்னைத்தானே கழற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு பாகமாக. பேசிக்கொண்டே, விடை பெற்றுக்கொண்டே.

பையனிடமிருந்து சத்தமே இல்லை. குனிந்து பார்த்தால், கன்னமெல்லாம் ஈரம். மக்ரூன் பொட்டலம் பிரிக்காமல் மடியில் கிடந்தது.

"ஏல, அது வெறும் மெஷின்தாம்ல" என்றேன் விஞ்ஞானபூர்வமாக.

அந்தப் பக்கமிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "மெஷினா? அப்ப நீ எதுக்குல கண்ணத் துடைக்க?"

மாட்டிக்கொண்டேன்!

திரும்பும் பஸ்ஸில் பையன் ஆச்சி மடியில் படுத்துக்கொண்டு கேட்டான்: "ஆச்சி, ஸ்க்ரூ எல்லாம் பத்திரமாத்தான இருக்கு? திரும்ப மாட்டிட்டா சிட்டி வந்துருவான்ல?"

அம்மா யோசித்தாள். "கட்டபொம்மன எத்தன தடவ தூக்குல போட்டாவ? அடுத்த ஆட்டத்துக்கு அவன் எந்திரிச்சு வரலையா? அது மாதிரி இவனும் வருவாம்ல."

இந்தப் பதிலின் பின்னணி தெரிய வேண்டுமானால், எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பாஞ்சாலங்குறிச்சி எங்களுக்குப் பக்கத்து ஊர். 1974-ல் அரசாங்கம் கட்டிய நினைவுக் கோட்டை இருக்கிறது. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் முதலில் வ.உ.சி. பிறந்த வீட்டைக் காட்டுவோம். அடுத்தது கோட்டை. மூன்றாவதாகக் காட்ட எதுவும் இல்லாததால் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவோம்.

பி.ஆர்.பந்துலு எடுத்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959-ல் வந்தது. அப்போது அம்மா பாவாடை சட்டை போட்ட பெண். அதற்குப் பிறகு டூரிங் டாக்கீஸில் அந்தப் படம் எப்போது வந்தாலும் போய்விடுவாள். என்னையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். மணலைக் குவித்து மேடாக்கி அதன் மேல் உட்கார்ந்துகொள்வோம். வரி கேட்கிற ஸீனில் கூட்டத்தோடு சேர்ந்து விசில் அடிக்காத குறை. தூக்குமேடை ஸீன் வந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுவாள். ஒவ்வொரு தடவையும்!

நான் ஒரு தரம் கேட்டேவிட்டேன். "தெரிஞ்ச கததானம்மா? பெறகு எதுக்கு அழுகை?"

"தெரிஞ்சவன் செத்தாத்தாம்ல அழுக வரும். தெரியாதவன் செத்தா எதுக்கு அழணும்?"

இதைவிடத் தெளிவாக எந்த சினிமா விமரிசகரும் சொல்லி நான் படித்ததில்லை. நிஜக் கட்டபொம்மன் 1799-ல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதோடு சரி. திரும்பவில்லை. சினிமாக் கட்டபொம்மன் சாயங்கால ஆட்டத்தில் செத்து, ராத்திரி ஆட்டத்தில் கம்பீரமாக எழுந்து வந்துவிடுவான்.

அறிவியல் படக்காரர்கள் இதில் இன்னும் ஒரு படி மேலே போனவர்கள். அடுத்த ஆட்டம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பாகத்தில் ஆளை எழுப்பிவிடுவார்கள். ரோபோ என்றால் ஸ்க்ரூ டிரைவர் போதும். வேற்றுக்கிரகவாசி என்றால் ஏதாவது கதிர்வீச்சு.

இதற்கெல்லாம் பெரிய அண்ணாச்சி ஒருவர் உண்டு. பெயர் ஸ்பாக். 1966-ல் அமெரிக்க டி.வி.யில் ஆரம்பித்த 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கூர்க்காது ஆசாமி. பாதி மனிதன், பாதி வல்கன் கிரகத்து ரத்தம். உணர்ச்சியைக் காட்டவே மாட்டார். அதனாலேயே ஜனங்களுக்கு அவர் மேல் உயிர்! அந்த வேஷம் போட்ட லெனார்ட் நிமாய்க்கோ அலுத்துவிட்டது. 1975-ல் 'நான் ஸ்பாக் இல்லை' என்ற தலைப்பிலேயே ஒரு புத்தகம் எழுதினார். அவரை 1982-ல் வந்த இரண்டாவது படத்துக்கு இழுத்துவர, பிரமாதமான ஒரு சாவு ஸீனைத்தான் தூண்டிலில் மாட்டினார்கள். மீன் கடித்துவிட்டது.

விஷயம் எப்படியோ கசிந்து, ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். டைரக்டர் நிக்கலஸ் மேயரின் படத்தில் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆரம்பத்திலேயே ஸ்பாக் செத்து விழுகிறார். 'ஐயோ' என்று தியேட்டர் பதறினால், அது வெறும் பயிற்சி ஒத்திகை. 'அப்பாடா, வதந்தி இதுதானா' என்று ஜனங்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, கடைசியில் நிஜமாகவே கொன்றார்கள். கப்பலைக் காப்பாற்றக் கதிர்வீச்சு அறைக்குள் நுழைந்து எஞ்சினைச் சரிசெய்கிறார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நண்பர் கேப்டன் கிர்க், அந்தப் பக்கம் ஸ்பாக். தொட முடியாது. கண்ணாடியில் கை வைத்தபடியே போய்ச் சேர்கிறார்.

சவப்பெட்டி ஒரு புதுக் கிரகத்தில் கிடப்பது போல் கடைசியில் ஒரு ஷாட். மேயருக்கு அதில் இஷ்டமில்லை. செத்தவன் செத்தவனாக இருக்கட்டும் என்பது அவர் கட்சி. ஆனாலும் சேர்த்துவிட்டார்கள். 1984-ல் அடுத்த படம், ஸ்பாக்கைத் தேடிப் போகிற கதை. டைரக்டர் யார் தெரியுமோ? அலுத்துப்போன அதே நிமாய்!

ஆனால் அந்தப் படத்தில் ஒரு நேர்மை உண்டு. நண்பனை மீட்கப் போன கேப்டன் அதற்குள் தன் மகனைப் பறிகொடுக்கிறார். தன் கப்பலைத் தானே வெடிவைத்து அழிக்கிறார். சும்மா கிடைக்கவில்லை. கடைக்காரர் மாதிரிக் கறாராக விலை வாங்கிக்கொண்டுதான் ஸ்பாக்கைக் கொடுக்கிறது கதை.

1991-ல் வந்த 'டெர்மினேட்டர் 2' பார்த்தவர்களுக்கு அர்னால்டின் முடிவு மறந்திருக்காது. அவர் மண்டைக்குள் இருக்கும் சிப் உலகத்தில் மிஞ்சக்கூடாது. ஆனால் தன்னைத்தானே அழித்துக்கொள்ள அந்த மெஷினுக்கு அனுமதி இல்லை. அதனால் உருகிய இரும்புக் குழம்பில் இறக்கிவிடச் சொல்லி மற்றவர்களைக் கேட்கிறது. பாசம் வைத்த பையன் அழுகிறான். நம் சிட்டிக்கு அந்தத் தடை இல்லை. தன் கையாலேயே கழற்றிக்கொள்கிறது. எனக்கு என்னவோ சிட்டியின் சாவுதான் கொடுமையாகப் படுகிறது. (டெர்மினேட்டருக்கு எலும்புக்கூடு செய்த ஸ்டான் வின்ஸ்டன் ஸ்டூடியோவின் ஆட்கள்தான், அவர் 2008-ல் மறைந்தபின் ஆரம்பித்த லெகஸி எஃபெக்ட்ஸ் மூலம் சிட்டிக்கும் உடம்பு செய்தார்கள். ஒரே ஆசாரி வேலை!)

சிட்டியைப் பற்றிப் பேசும்போது சுஜாதாவை எப்படி விடுவது? 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்கிற ரோபோ நாயைக் கொடுத்து, மெஷின் மேல் பாசம் வைக்கத் தமிழர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். 'மீண்டும் ஜீனோ' என்று இரண்டாம் பாகமும் எழுதினார். 'எந்திரன்' வசனத்தில் அவர் பங்கு உண்டு. படம் திரைக்கு வருவதற்குள் 2008 பிப்ரவரி 27-ம் தேதி போய்விட்டார். ஏழு வருஷம் கழித்து, 2015-ல் அதே பிப்ரவரி 27-ல் லெனார்ட் நிமாய் போனார். இரண்டு பேருக்கும் இரண்டாம் பாகம் கிடையாது.

சரி, நம்ம வீட்டுக்கு வருவோம்.

2014-ல் என் அம்மா காலமானாள். பையனுக்குப் பதினொரு வயசு. ஆச்சி ஆச்சி என்று அவள் பின்னாடியே சுற்றினவன். கூடத்தில் கிடத்தியிருந்தபோது தலைமாட்டில் வந்து நின்றான். நான் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன். திரும்ப வருவாளா என்று கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வது?

கேட்கவே இல்லை. அழுதான். தியேட்டரில் அழுத மாதிரியே, சத்தமில்லாமல்.

2018 நவம்பரில் '2.0' வந்தது. அப்பாவும் மகனும் மட்டும் அதே தூத்துக்குடிக்குப் போனோம். பறவைகளுக்காகப் பழி வாங்கும் பக்ஷிராஜனைச் சமாளிக்க வேறு வழியில்லை என்று வசீகரன் வாதாடி, கழற்றிப் போட்ட சிட்டியை மறுபடி பூட்டி எழுப்புகிறார். தியேட்டரே எழுந்து நின்று கத்தியது. நானும்தான். பையன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

பஸ்ஸில் ஏறியதும் ஆரம்பித்தான். "முத படத்துல 2030-ல சிட்டி மியூசியத்துல துண்டு துண்டாக் கெடந்தான். இப்ப 2018 தானப்பா ஆகுது?"

"அது வந்துல... சினிமா..."

"அதை விடுங்க. திரும்ப வருவான்னா, அன்னிக்கு நான் அழுதது வேஸ்ட்டாப்பா?"

குறுக்குச்சாலை வரை எனக்குப் பதில் வரவில்லை. ஷெர்லாக் ஹோம்ஸை 1893-ல் அருவியில் தள்ளிவிட்டு, ஜனங்களின் நச்சரிப்பையும் கிடைக்கிற பணத்தையும் பார்த்து 1903-ல் எழுப்பி உட்காரவைத்த கானன் டாயிலிடம் கேட்டிருந்தாலும் முழித்திருப்பார். 2019-ல் அயர்ன் மேனைக் கொன்று உலகத்தையே அழவைத்துவிட்டு, அதே ராபர்ட் டௌனி வேறு வேஷத்தில் வருகிறார் என்று 2024-ல் மார்வெல்காரர்கள் அறிவித்தார்களே, அவர்களிடமும் பதில் இருக்காது.

கடைசியில் சொன்னேன்: "வேஸ்ட் இல்லல. அன்னிக்கு அழுதது சிட்டி திரும்ப வரமாட்டான்னு நெனச்சுத்தான? அந்த நெனப்பு நெசந்தான? அவன் எட்டு வருசம் கழிச்சு வந்ததுனால அன்னிக்கு அழுதது பொய்யாயிருமா? ஒங்க ஆச்சி கட்டபொம்மனுக்கு எத்தன தடவ அழுதா! ஒரு தடவகூட நட்டம்னு சொல்லல."

அவன் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே கரிசல் காடு, இருட்டு.

"ஆச்சி சொன்னது சரியாப் போச்சுல்ல? சிட்டி வருவான்னு சொன்னா. வந்துட்டான்."

"ஆமா."

"அவ இருந்து பாத்திருக்கலாம்."

அதற்கு மேல் இரண்டு பேரும் பேசவில்லை. மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினான். அன்றைக்கு அதுதான் எங்கள் சாப்பாடு.

இப்போது அவன் வேலைக்குப் போகிறான். லீவில் ஊருக்கு வரும்போது டி.வி.யில் 'எந்திரன்' ஓடினால் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். ரயில் சண்டையில் சிரிப்பான். கோர்ட் ஸீன் முடிந்து, சிட்டி கழற்ற ஆரம்பித்ததும் எழுந்து, "தண்ணி குடிச்சிட்டு வந்துருதேன்" என்று அடுக்களைப் பக்கம் போய்விடுவான்.

கொஞ்சம் பொறுத்து நானும் போவேன். எனக்கும் சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் தாகம் எடுக்கிறது.